கல்லும் கடிதமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அந்தக் கால நிலவியலாளர்கள் கல், எலும்பு மாதிரிகளைத் தபாலிலா அனுப்பிக்கொண்டார்கள்? அவர்களின் கடிதங்களில் எழுத்தின் மேலேயே குறுக்காக இன்னொரு எழுத்து ஓடுகிறதே, ஏன்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: அன்றைய இங்கிலாந்துத் தபாலில் கல் அனுப்பிக் கட்டுப்படியாகாது. 1840க்கு முன் கட்டணம் தூரத்துக்கும் தாள் கணக்குக்கும் ஏற்ப. பெரும்பாலும் வாங்குகிறவர் தலையில்தான் விழும். 80 மைலுக்கு மேல் 120 மைல் வரை தாளுக்கு 9 பென்ஸ். உறை போட்டால் அதுவும் ஒரு தாள். ஓர் அவுன்ஸ் கனத்தால் நான்கு தாள் கணக்கு, அதாவது 3 ஷில்லிங் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). எனவே ஒரே தாளில் எழுதி முடித்து, தாளைத் திருப்பி வைத்து அதன் மேலேயே குறுக்கே எழுதி, மடித்து அரக்கு வைத்தார்கள். தெரிந்த நாடாளுமன்ற உறுப்பினர் கையெழுத்துப் போட்டால் கடிதம் இலவசம். இந்தச் சலுகையை யாரும் கூச்சப்பட்டு விட்டுவைக்கவில்லை. கற்கள் பெட்டியில் கோச்சு வண்டி, படகு, கப்பல் என்று போகும். பயணம் கிளம்பும் நண்பர் கிடைத்தால் அவர் பையில்.

கேள்வி: இகுவானடான் என்ற டைனோசரின் பல்லைக் காண்டாமிருகப் பல் என்றாராமே பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே! அவ்வளவு பெரிய அறிஞர் எப்படித் தவறினார்? (வாசகர், கோவை)

பதில்: பார்க்கக் கிடைத்த பல் அப்படி. சசெக்ஸில் லூயிஸ் ஊர் மருத்துவர் கிடியன் மான்டெல், டில்கேட் காட்டுப் பகுதியில் கிடைத்த பல்லை 1823இல் நிலவியலாளர் சார்லஸ் லயெல் வழியாகப் பாரிஸுக்குக் கொடுத்தனுப்பினார். அதன் தலைப்பகுதி அரைத்து அரைத்து மட்டமாகத் தேய்ந்திருந்தது. ஊர்வன இரையை அப்படி மெல்லாது என்பதே அன்றைய அறிவு. எனவே பாலூட்டி, எனவே காண்டாமிருகத்தின் மேல்வாய் முன்பல். லண்டனிலும் சந்தேகம்தான்: பல் அந்தப் பழைய அடுக்கிலிருந்து வந்ததல்ல, மேலே கிடந்த பிற்காலப் படிவிலிருந்து வந்திருக்கும் என்றார் நிலவியலாளர் பக்லாண்ட். கண்டெடுத்த இடத்துக்கு உறுதியான குறிப்பு இல்லாவிட்டால் இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

மான்டெல் விடவில்லை. தேய்ந்தது, தேயாதது என்று மேலும் பற்களை அனுப்பினார். தேயாத பல்லின் விளிம்பில் ரம்பம் மாதிரி வெட்டுகள் இருந்தன. 1824 ஜூனில் குவியே பதில் எழுதினார்: இது தாவரம் தின்னும் ஊர்வனவாக இருக்கலாம். லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் சாமுவேல் ஸ்டட்ச்பரி காட்டிய இகுவானா என்ற பல்லியின் பல்லும் இதே அமைப்பில் இருந்தது. பெயர் அங்கிருந்து வந்தது. மான்டெலின் கட்டுரை 1825இல் ராயல் சொசைட்டி இதழில் வெளியானது.

கேள்வி: நம் பக்கத்துக் கற்கள் இங்கிலாந்துக்குப் போயினவா? (வாசகர், அரியலூர்)

பதில்: போயின. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கே, கன்லிஃப் என்ற ஆங்கிலேயர் இருவரும் சேர்த்த புதைபடிவங்கள் 1840களில் லண்டன் நிலவியல் கழகத்துக்குப் போயின. சிப்பி, அம்மோனைட்டு (சுருள் ஓடுள்ள பழங்காலக் கடலுயிர்) வகைகளை இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்தார், 1846இல் அச்சானது. மீன் எச்சங்கள் புதைபடிவ மீன்களை ஆராய்ந்த பிலிப் எகர்டனிடம் போயின.

கேள்வி: வேறு கல்லூரி மாணவர்களுடன் மாதிரிகளை மாற்றிக்கொள்கிறோம். பாதி உடைந்து வருகிறது, சீட்டுகள் இடம் மாறிவிடுகின்றன. என்ன செய்யலாம்? (மாணவி, சேலம்)

பதில்: பிரிட்டிஷ் கடற்படைக்கான 1849 அறிவியல் கையேட்டில் டார்வின் எழுதிய நிலவியல் பகுதி உங்களுக்கு இன்றும் உதவும். பாறைத் துண்டு 2, 3 அங்குலச் சதுரம், அரை அங்குலத் தடிமன் போதும். ஒவ்வொன்றுக்கும் அச்சிட்ட எண், அதற்கென்றே ஒரு நோட்டு. எடுத்த அன்றே எண் போட்டுவிட வேண்டும். நாள் தள்ளினால் எது எங்கே எடுத்தது என்ற உறுதி போய்விடும். தலைகீழாகவும் எண்ணாகவே படிக்க முடிகிற 6, 9, 68, 89 போன்றவற்றுக்குப் பின் ஒரு புள்ளி வையுங்கள் என்கிறார். உங்கள் சீட்டுக் குழப்பத்தில் கொஞ்சம் இதனால்கூட இருக்கலாம்.

ஈரக் கல்லில் ஒட்டிய சீட்டு உதிரும்; காயவைத்து ஒட்டுங்கள். கற்கள் உடைவது பெரும்பாலும் ஒன்றோடொன்று மோதித்தான். தனித்தனியே காகிதத்தில் சுற்றி, கனத்தவற்றைக் கீழே வைத்து, இடைவெளியை அடைத்து, மூடியபின் குலுக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் திரும்பக் கட்டுங்கள். பட்டியலைப் பெட்டியில் ஒன்றும் தனிக் கடிதத்தில் ஒன்றுமாக அனுப்புங்கள். அதில் “அரியலூர் அருகே” என்று மட்டும் எழுதிப் பயனில்லை: எந்த ஊர், எந்த ஓடை, தரைமட்டத்திலிருந்து எத்தனை அடி, மேலும் கீழும் என்ன பாறை, அடுக்கிலிருந்து பெயர்த்ததா, உதிர்ந்து கிடந்ததா என்பதெல்லாம் வேண்டும்.