கேளுங்க சொல்றேன்: 10 மேட்ச் ஜெயிச்சு 18 தோத்த கோச்

போன இதழ்ல அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் கோச் டான் ஸ்டேலி பத்தி ஒரு அரைப் பக்கம் எழுதியிருந்தேன். சவுத் கரோலினா யூனிவர்சிட்டி பெண்கள் டீமோட ஹெட் கோச், 2017, 2022, 2024ன்னு மூணு தடவை நேஷனல் சாம்பியன். இந்த வாரம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல அவங்களைப் பத்திதான், அதனால மத்த கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க.

வாசகி, கும்பகோணம்: முதல் சீசன்ல 10 ஜெயிச்சு 18 தோத்தாங்கன்னு எழுதியிருந்தீங்க. அவ்ளோ தோத்தவங்களை எப்படி வேலையில வச்சிருந்தாங்க?

அந்த ஒரு வரிதான் எனக்கும் பிடிச்ச வரி, அதைப் பிடிச்சு கேட்டதுக்கு நன்றி. 2008 மே மாசம் அவங்க சவுத் கரோலினாவுக்கு வந்தாங்க. அந்த டீம் ஆடுற கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள்ள மோதிக்கற யூனிவர்சிட்டிங்க குழு) பேரு எஸ்இசி, அங்கதான் பெரிய கோச் பேட் சம்மிட்டோட டென்னஸி டீமும் இருந்துச்சு, அந்த வருஷம் டென்னஸிதான் நேஷனல் சாம்பியன். அப்படிப்பட்ட இடத்துல முதல் வருஷம் கான்ஃபரன்ஸ்ல ஆடின 14 மேட்ச்ல ஜெயிச்சது வெறும் 2. ரெண்டாவது வருஷம் மொத்தமா 14 ஜெயிப்பு, 15 தோல்வி. மூணாவது வருஷம் 18 ஜெயிப்பு, 15 தோல்வி. நாலாவது வருஷம்தான் 25 ஜெயிச்சு நேஷனல் டோர்னமென்ட்ல கடைசி 16 டீம் வரைக்கும் போனாங்க.

இதுல வெளிய தெரியாத வேலை ஒண்ணு இருக்கு. காலேஜ் கோச்சுக்கு பாதி வேலை கோர்ட்டுலயே கிடையாது, ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணுங்க வீட்டுலதான். வீட்டுக்குப் போய், அம்மா அப்பாகிட்ட உக்காந்து, உங்க பொண்ணை நாலு வருஷம் என்கிட்ட விடுங்கன்னு கேக்கணும். 18 மேட்ச் தோத்துட்டு வந்து அப்படிக் கேக்கறது எவ்ளோ கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. எதிர் சோஃபாவுல நேத்து உக்காந்துட்டு போன கோச்சு கையில சாம்பியன் மோதிரம் இருக்கும், உங்க கையில ஒண்ணும் இருக்காது. 2009ல கெல்சி போன்னு நாடே தேடின ஒரு உயரமான பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க, பெரிய வெற்றின்னு எல்லாரும் நினைச்சாங்க, ஒரே வருஷத்துல அந்தப் பொண்ணு டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கு மாறிப் போயிட்டாங்க. நானா இருந்தா அங்கயே உடைஞ்சு போயிருப்பேன். அவங்க அடுத்த பொண்ணு வீட்டுக் கதவைத் தட்டப் போயிட்டாங்க.

வேலையில வச்சிருந்ததுக்குக் காரணம், அவங்க வர்றதுக்கு முன்னாடியே ஒரு டீமைத் தூக்கி நிறுத்திக் காட்டினவங்க, அது அடுத்த கேள்வியில வருது.

வாசகர், சேலம்: அவங்க முதல்லயே கோச் ஆகணும்னு நினைச்சவங்களா, இல்ல ப்ளேயரா இருந்து வந்தவங்களா?

கோச் ஆகவே மாட்டேன்னு இருந்தவங்க. ஃபிலடெல்ஃபியாவோட வடக்குப் பக்கம் இருக்கற ஏழை ஜனங்க வாழ்ற அரசு குடியிருப்புல வளர்ந்து, பையன்களோட ஆடி ஆடி கத்துக்கிட்டு, வர்ஜீனியா யூனிவர்சிட்டியில ஆடினாங்க. ஒலிம்பிக்ல 1996, 2000, 2004 மூணு தடவை தங்கம், 2004 ஏதென்ஸ் தொடக்க விழாவுல அமெரிக்கக் கொடியைத் தூக்கிட்டு முன்னாடி நடந்ததே அவங்கதான்.

2000ல ஃபிலடெல்ஃபியாவுலயே இருக்கற டெம்பிள் யூனிவர்சிட்டியில இருந்து கூப்பிட்டாங்க. ஒரு டீமைத் திருப்பிப் போட உன்னால முடியுமான்னு அவங்களை உசுப்பி விட்டுட்டாங்க, சவால்னு வந்துட்டா விடற ஆளு இல்லையே அவங்க. ஆனா அப்போ அவங்க இன்னும் ப்ளேயர், அமெரிக்கப் பெண்களோட ப்ரொஃபஷனல் லீக் டபிள்யூஎன்பிஏல ஆடிட்டு இருந்தாங்க! கோடையில சார்லட் டீமுக்கும் கடைசியில ஹூஸ்டனுக்கும் ஆடறது, குளிர்காலத்துல டெம்பிள்ல கோச் பண்றது, இப்படியே 2006 வரைக்கும் ரெண்டையும் இழுத்துட்டு போனாங்க. டெம்பிள்ல 8 சீசன், 172 ஜெயிப்பு, 80 தோல்வி, 6 தடவை நேஷனல் டோர்னமென்ட். பேர் வாங்கின வீராங்கனையை கூப்பிட்டு வந்து போஸ்டர்ல போடறதுக்காக வச்சிருந்தாங்கன்னு யாராவது சொன்னா அந்த 8 வருஷக் கணக்கைக் காட்டுங்க.

இன்னொண்ணு, அவங்க அம்மா எஸ்டெல் பொறந்து வளர்ந்தது சவுத் கரோலினா, அங்கேர்ந்து ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் குடியேறினவங்க. பொண்ணு திரும்ப அந்த மண்ணுக்கே வேலைக்கு வந்தது எனக்கு ரொம்ப மனசைத் தொட்ட விஷயம்.

வாசகர், காரைக்குடி: ஏஜா வில்சன் மாதிரி ஒரு ப்ளேயர் கிடைச்சா யாரும் சாம்பியன் ஆகலாமே?

ஆகலாம், ஆனா ஏஜா ஏன் அங்க வந்தாங்கன்னு கேளுங்க. 2014ல நாட்டுலயே நம்பர் ஒன் ஸ்கூல் ப்ளேயர் அவங்க, கனெக்டிகட், டென்னஸி, நார்த் கரோலினான்னு எல்லா பெரிய டீமும் வரிசையில நின்னுச்சு. பொண்ணு சவுத் கரோலினா தலைநகர் கொலம்பியா பக்கத்து ஊரு. அவங்க வர்றதுக்கு முன்னாடியே, அந்த 2014 சீசன்லயே, ஸ்டேலியோட டீம் முதல் தடவையா எஸ்இசி ரெகுலர் சீசனை ஜெயிச்சிடுச்சு. அதாவது வீடு கட்டி முடிச்சு வாசல்ல கோலமும் போட்டாச்சு, அப்புறம்தான் விருந்தாளி வந்தாங்க. வந்த பிறகும் முதல் வருஷம் பெரும்பாலும் பெஞ்ச்ல இருந்துதான் இறக்கினாங்க, நாட்டு நம்பர் ஒன்னை! அந்த 2015ல முதல் தடவையா ஃபைனல் ஃபோர், அதாவது நேஷனல் டோர்னமென்ட்டோட கடைசி நாலு டீம் வரைக்கும் போய் நோட்டர் டேம்கிட்ட 66-65ன்னு ஒரே பாயிண்ட்ல தோத்தாங்க. 2017ல டல்லாஸ்ல மிசிசிப்பி ஸ்டேட்டை 67-55ன்னு ஜெயிச்சு முதல் பட்டம்.

ஏஜா பத்தி ஒரு விஷயம் சொல்லாம விட மனசு வரல. அவங்க பாட்டி காலத்துல கறுப்பின மக்கள் அந்த யூனிவர்சிட்டிக்குள்ள கால் வைக்கக் கூடாது, அந்தப் பக்கம் போகணும்னா கேம்பஸைச் சுத்திக்கிட்டுதான் போகணும். பாட்டி அப்படி சுத்தி நடந்தவங்க. 2021 ஜனவரியில அதே யூனிவர்சிட்டி ஆடுற அரங்கத்துக்கு வெளிய பேத்திக்கு சிலை வச்சாங்க, அந்த மேடையில ஏஜா இதைச் சொல்லிட்டு அழுதாங்க. ஸ்டேலிக்கும் 2025ல கொலம்பியாவுல சிலை வச்சாச்சு.

வாசகி, தஞ்சாவூர்: எங்க பொண்ணுங்க மேட்ச்னா பார்க்க வர்றது அவங்க அவங்க அம்மா அப்பா மட்டும்தான். அங்க எப்படிம்மா அவ்ளோ கூட்டம்?

அம்மா, உங்க கேள்வியில இருக்கற வருத்தம் புரியுது, நானும் அந்த மாதிரி காலி கேலரி முன்னாடி மேட்ச் பார்த்தவதான். அங்கயும் கூட்டம் தானா வரல. அவங்க ஆடுற காலனியல் லைஃப் அரீனாவுல 18 ஆயிரம் பேர் உக்காரலாம், ஸ்டேலி வந்த புதுசுல அதுல பெரும்பகுதி வெறும் நாற்காலிதான். அவங்க ரசிகர்களை ஃபேன்ஸ்னு கூப்பிடறது கிடையாது, குடும்பம்ங்கற அர்த்தத்துல ஃபேம்ஸ்னுதான் சொல்லுவாங்க. வந்தவங்களை மதிச்சு, பேர் சொல்லி விசாரிச்சு, நன்றி சொல்லி, அடுத்த தடவை இன்னொருத்தரையும் கூட்டிட்டு வாங்கன்னு கேட்டு, ஒவ்வொரு தலையா சேர்த்த கூட்டம் அது. வெள்ளைக்கார தாத்தாவும் கறுப்பின பாட்டியும் பக்கத்து பக்கத்து சீட்டுல வருஷக்கணக்கா உக்காந்து பார்க்கறாங்க, அந்த மாநிலத்தோட சரித்திரம் தெரிஞ்சவங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியும். 2014-15 சீசன்ல இருந்து நாட்டுலயே பெண்கள் காலேஜ் பாஸ்கெட்பாலுக்கு அதிக கூட்டம் வர்றது அங்கதான். என்னைக் கேட்டா மூணு பட்டத்தை விட இதுதான் பெருசு, ஏன்னா பட்டத்தை அடுத்த வருஷம் வேற யாராவது தூக்கிட்டு போயிடுவாங்க, இந்தக் கூட்டம் தோத்த வருஷமும் வந்துச்சு.

காலேஜ் மாணவர், கோயம்புத்தூர்: 2023-24ல 38 மேட்ச்ல ஒண்ணு கூட தோக்காத அந்த 38-0 சீசன் எப்படி நடந்துச்சு? அதைக் கொஞ்சம் விரிவா எழுதுங்க.

எழுதறேன் தம்பி, இதுக்காகத்தான் காத்துட்டு இருந்தேன். 2022-23ல அவங்க 36-0ன்னு வந்து செமி ஃபைனல்ல நிக்கறாங்க, எதிர்ல ஸ்டார் ப்ளேயர் கெய்ட்லின் கிளார்க்கோட ஐயோவா டீம். அந்த மேட்ச்ல கிளார்க், சவுத் கரோலினாவோட ரேவன் ஜான்சனை த்ரீ பாயிண்ட் லைன்ல (அங்கேர்ந்து போட்டா மூணு பாயிண்ட்) ஆளே இல்லாம விட்டுட்டு, இவ போட மாட்டாங்கற மாதிரி கையை வீசிட்டு பின்னாடி போயிட்டாங்க. ரேவன் கையில பந்தோட தனியா நிக்கறாங்க. அந்த சின்ன வீடியோ நாடு முழுக்க ஓடுச்சு. 77-73ன்னு தோல்வி. ஆட்டத்தையே விட்டுடலாமான்னு நினைச்சேன்னு ரேவன் பின்னாடி சொன்னாங்க.

அதோட முடியல, அலியா பாஸ்டன் உட்பட முதல் அஞ்சு பேரும் அந்த வருஷத்தோட போயிட்டாங்க. அஞ்சு பேரும்! அடுத்த நவம்பர்ல பாரிஸ்ல போய் சீசனை ஆரம்பிக்கறாங்க, புதுசா வந்த மிலேசியா ஃபுல்வைலிங்கற கொலம்பியா ஊர்ப் பொண்ணு பந்தை முதுகுக்குப் பின்னாடி சுத்தி எடுத்துட்டு போய் கூடையில போட்டாங்க, நோட்டர் டேம்க்கு எதிரா 100-71. (அந்தப் பொண்ணு 2025ல எல்எஸ்யூ டீமுக்கு மாறிட்டாங்க, இப்பவும் ஆள் போறது நடந்துட்டுதான் இருக்கு.) மார்ச்சுல எஸ்இசி செமி ஃபைனல், டென்னஸிகிட்ட 2 பாயிண்ட் பின்னாடி, ஒரு செகண்ட்தான் பாக்கி. 6 அடி 7 அங்குல சென்டர் கமீலா கார்டோசோ கையில பந்து வருது, காலேஜ்ல அதுவரைக்கும் ஒரு த்ரீ கூட போட்டது கிடையாது, தூக்கி வீசறாங்க, போர்டுல பட்டு உள்ள விழுது, 74-73. நான் அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன்னு எனக்கே தெரியாது.

ஏப்ரல்ல கிளீவ்லாண்ட்ல ஃபைனல், எதிர்ல திரும்பவும் ஐயோவா. முதல் க்வார்ட்டர்ல கிளார்க் மட்டும் 18 பாயிண்ட், ஐயோவா 27-20ன்னு முன்னாடி. அப்புறம் பாருங்க, மீதி மூணு க்வார்ட்டரும் சேர்த்து கிளார்க்கால 12தான் போட முடிஞ்சுது. அவங்களை விடாம ஒட்டிக்கிட்டு ஓடினதுல யாரு முக்கியம்? அதே ரேவன் ஜான்சன். ஒரு தடவை கிளார்க் கையில இருந்தே பந்தைத் தட்டிப் பிடுங்கிட்டாங்க. பெஞ்ச்ல இருந்து இறங்கினவங்க மட்டும் 37 பாயிண்ட், ஐயோவா பெஞ்ச் போட்டது பூஜ்யம். 87-75. போன வருஷம் அழுத பொண்ணை அடுத்த வருஷம் அதே ஆளை மடக்க அனுப்பற நம்பிக்கை இருக்கே, அதுதான் கோச்சிங்னு நான் நினைக்கறேன்.

வாசகர், நாகர்கோவில்: இவங்கதான் எல்லா காலத்துக்கும் பெஸ்ட் கோச்சா?

எண்ணிக்கையில இல்ல. பேட் சம்மிட் டென்னஸியில 1,098 ஜெயிப்பு, 8 பட்டம். கனெக்டிகட்ல ஜீனோ ஆரியம்மா 1985ல இருந்து இருக்கார், 2025ல ஸ்டேலியையே 82-59ன்னு தோக்கடிச்சு 12வது பட்டம் வாங்கினார். ஆனா அதே கனெக்டிகட் அதுக்கு முன்னாடி ஆடின 11 ஃபைனலையும் ஜெயிச்சிருந்த டீம், 2022ல முதல் தடவையா ஒரு ஃபைனல்ல தோத்தது ஸ்டேலிகிட்டதான், 64-49.

பி.டி. டீச்சர், திண்டுக்கல்: எங்க ஸ்கூல் டீம்ல நல்லா ஆடற பொண்ணு குள்ளமா இருக்கா, செலக்‌ஷன்ல விட்டுடறாங்க. போன மாசம் ஃபைனல்ல தோத்ததுல இருந்து ப்ராக்டீஸுக்கே வர மாட்டேங்கறா. என்ன சொல்லட்டும்?

டீச்சர், ஸ்டேலியோட உயரம் 5 அடி 6 அங்குலம், பாஸ்கெட்பால் உலகத்துல அது குள்ளம்தான். அந்த உயரத்துல பாயிண்ட் கார்டா, அதாவது பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்தறவங்களா ஆடி ஹால் ஆஃப் ஃபேம் வரைக்கும் போனாங்க. 1991ல வர்ஜீனியாவுக்காக நேஷனல் ஃபைனல் ஆடினாங்க, ஓவர்டைம்ல 70-67ன்னு டென்னஸிகிட்ட தோல்வி, தோத்த டீம்ல இருந்தும் அந்தத் தொடரோட சிறந்த ப்ளேயர் விருதை அவங்களுக்குத்தான் குடுத்தாங்க. மூணு வருஷம் தொடர்ந்து ஃபைனல் ஃபோர் போயும் ப்ளேயரா அவங்களுக்கு அந்தப் பட்டம் கிடைக்கவே இல்ல. 26 வருஷம் கழிச்சு கோச்சா வாங்கினாங்க. அந்தப் பொண்ணு வீட்டுக்கு நீங்களே ஒரு நாள் சாயந்திரம் போயிட்டு வாங்க டீச்சர், ஃபோன்ல வேண்டாம், நேர்ல போங்க. அவங்க அம்மா முன்னாடி, நீ இல்லாம பந்தை யாரு கொண்டு வர்றதுன்னு கேளுங்க.

வாசகர், புதுச்சேரி: சம்பளம் எவ்ளோ வாங்கறாங்க?

2021ல 7 வருஷத்துக்கு 2 கோடியே 24 லட்சம் டாலர்னு ஒப்பந்தம் போட்டாங்க, ஆண்கள் டீம் கோச்சுக்குக் குடுக்கறதுக்கு சமமா வேணும்னு நின்னு வாங்கினது அது. 2025 ஜனவரியில புதுசா போட்டதுல வருஷத்துக்கு 40 லட்சம் டாலர், அப்போ பெண்கள் காலேஜ் பாஸ்கெட்பால்ல அதுதான் அதிகம். வாங்கட்டும், உழைச்ச காசு.

வாசகி, மதுரை: ஜெயிச்சதும் கூடை வலையை வெட்டறாங்களே, அதை என்ன பண்ணுவாங்க?

வழக்கமா ஆளுக்கு ஒரு துண்டு ஞாபகத்துக்கு எடுத்துக்குவாங்க. ஸ்டேலிகிட்ட இருந்த துண்டு அவங்களோடது இல்ல. 1999ல பர்டூ யூனிவர்சிட்டியை சாம்பியன் ஆக்கின கரோலின் பெக், அந்தப் பட்டம் வாங்கின முதல் கறுப்பின பெண் கோச், தன்னோட வலையில ஒரு துண்டை ஸ்டேலிகிட்ட குடுத்து, நீ ஜெயிச்சதும் திருப்பிக் குடுன்னு சொல்லியிருந்தாங்க. ஸ்டேலி அதை பர்ஸ்லயே வச்சுக்கிட்டு சுத்தினாங்க. 2017ல ஜெயிச்சு அந்த வரிசையில ரெண்டாவது ஆளா வந்தாங்க, தன்னோட வலையை ஒரு ஆளுக்கு மட்டும் குடுக்க மனசில்லாம, 2021ல துண்டு துண்டா வெட்டி, நாடு முழுக்க காலேஜ் டீம்கள்ல ஹெட் கோச்சா இருக்கற கறுப்பினப் பெண்கள் எல்லாருக்கும் ஒரு கடிதத்தோட தபால்ல அனுப்பினாங்க.