மண்ணுக்குள் மறையும் பந்து

கேள்வி: ‘பேக்யார்ட் பேஸ்பால்’ கணினி விளையாட்டில் என் மகன் அடிக்கும் பந்து சில வேளைகளில் தரைக்குள் மறைந்துவிடுகிறது. இது கோளாறா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கோளாறு அன்று. 1997-இல் வெளிவந்த அந்த விளையாட்டில் மட்டையாளருக்குக் கிடைக்கும் ‘அண்டர்கிரவுண்டர்’ என்னும் சிறப்புச் சக்தி அது. நம் கடற்கரை நண்டு மணலுக்குள் புகுந்து வேறொரு வளையில் தலைகாட்டுவதைப் போல, பந்தும் மண்ணைத் துளைத்து ஓடி, தடுப்பாளர் எதிர்பாராத இடத்தில் வெளிப்படும். பந்து வீசுபவருக்கோ, எதிரணியினரை மூன்று ஸ்டிரைக்குகளில் (மட்டையாளர் அடிக்கத் தவறும் சரியான வீச்சுகளில்) வெளியேற்றும்போது இத்தகைய சக்திகள் சேரும். அவற்றுள் ‘ஃபயர்பால்’ தீப்பிழம்பாய்ப் பாயும். எனக்குப் பிடித்ததென்னவோ ஆமைபோல் ஊர்ந்து வந்து, மட்டையாளரை அவசரப்பட்டு மட்டையைச் சுழற்ற வைக்கும் ‘ஸ்லோமோ’தான். இச்சக்திகள் ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்துவிடும் என்பதால், தளங்களில் (ஓடித் தொட வேண்டிய இடங்களில்) ஓட்டக்காரர்கள் நிற்கும் நெருக்கடியான வேளைக்காக அவற்றைச் சேமித்து வைக்குமாறு மகனிடம் கூறுங்கள்.