லேப்ரடார் நிறக் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: சார், தாய், தகப்பன் இரண்டும் கருப்பு லேப். எட்டுக் குட்டியில் இரண்டு மஞ்சள். வேறு நாய் சேர்ந்துவிட்டதா?

பதில்: நிறத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 'பி' மரபணு கருப்பா சாக்லேட்டா என்பதை முடிவு செய்கிறது. பெரிய எழுத்து என்றால் மேலோங்கும் வடிவம், சின்ன எழுத்து என்றால் ஒளிந்து நிற்கும் வடிவம்; பெரிய 'பி' ஒன்றிருந்தாலே கருப்பு, சின்ன 'பி' இரண்டானால் சாக்லேட். அந்த நிறமி முடியில் ஏறுமா என்பது 'ஈ' மரபணு கையில். குட்டிக்குச் சின்ன 'ஈ' இரு பக்கமிருந்தும் வந்தால் முடி மஞ்சள்தான், 'பி' எதுவானாலும் சரி. உங்கள் ஜோடி இரண்டும் ஆளுக்கொரு சின்ன 'ஈ'யை மறைத்து வைத்திருந்தால் நான்கில் ஒன்று மஞ்சளாகும். எட்டுக்கு இரண்டு சராசரிக் கணக்கே. சின்ன 'பி'யும் இரண்டிலும் ஒளிந்திருந்தால் 16க்கு 9 கருப்பு, 3 சாக்லேட், 4 மஞ்சள்.

மஞ்சள் குட்டியின் மூக்கைப் பாருங்கள். 'ஈ' முடியைத்தான் தடுக்கும், தோலைத் தொடாது. மூக்கும் இமை ஓரமும் கருத்தால் பெரிய 'பி' ஒன்றாவது உண்டு. ஈரல் நிறத்திலேயே நின்றால் சின்ன 'பி' இரண்டு. கருத்த மூக்கு வளர்ந்தபின் வெளிறுவது வேறு விஷயம், இதில் சேர்க்காதீர்கள்.

ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன் இருப்பதும் நடக்கும். சந்தேகம் தீர டிஎன்ஏ சோதனைதான் வழி.

கேள்வி: மஞ்சளும் மஞ்சளும் சேர்த்தால் சாக்லேட் வருமா?

பதில்: வராது. எல்லாம் மஞ்சள்.

கேள்வி: சில்வர் லேப் அரிய நிறம் என்று கூடுதல் விலை கேட்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?

பதில்: வேண்டாம். 'டி' என்பது நிறத்தின் அடர்த்தியை முடிவு செய்யும் மரபணு. அது சின்ன 'டி' இரண்டு கொண்ட சாக்லேட். நிறமி முடியில் சீராகப் பரவாமல் கட்டிகட்டியாகத் திரள்கிறது. அதனால்தான் அந்தச் சாம்பல் பூச்சு. சிலவற்றுக்கு ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் முதுகு முடி ஒடிந்து உதிரும், தோலில் புண் வரும். குணப்படுத்த மருந்தில்லை. இணை சேர்க்கும் முன் 'டி' சோதனை செய்யுங்கள்.

மறுப்பு: பேப்பர் (வம்சப் பதிவுச் சான்று) உள்ள நாயைக் கலப்பு என்கிறீர்களா? வைமரானர் என்ற சாம்பல் நிற வேட்டை நாய் கலந்தது என்று எல்லோரும் சொல்கிறார்களே!

பதில்: கலப்பு என்று நான் சொல்லவில்லை. வைமரானர் எல்லாமே சின்ன 'டி' இரட்டை என்பதால் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் அதே மாற்றம் பல இனங்களில் இருக்கிறது. அதை வைத்து மட்டும் கலப்பை நிரூபிக்க முடியாது. பேப்பர் வம்சத்தைச் சொல்லும், தோலின் நலத்தைச் சொல்லாது. அமெரிக்கக் கென்னல் கிளப்பின் தரவரையறையில் கருப்பு, மஞ்சள், சாக்லேட் மூன்று மட்டுமே.

மறுப்பு: வைமரானருக்கு அப்படி முடி கொட்டுவதில்லையே?

பதில்: நல்ல கேள்வி. பொதுவாகக் கொட்டுவதில்லை. ஆகவே 'டி' மட்டுமல்ல, வேறு மரபணுக்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. எந்தக் குட்டிக்குக் கொட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததும் இதனால்தான். அதனால்தான் சொல்கிறேன்: இணை சேர்க்கும் முன் சோதனை.

கேள்வி: குட்டிக்கு மாதிரி எப்படி எடுப்பது?

பதில்: கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியை அழுத்தி உருட்டுங்கள். தாயிடமிருந்து பிரித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். பாலில் வரும் தாயின் செல்கள் கலந்தால் முடிவு குழம்பும். குச்சியை உலர்த்திய பிறகே உறையில் போடுங்கள்.

கேள்வி: வெள்ளை ராஜபாளையத்துக்குக் காது கேட்காதாமே, மஞ்சள் லேபுக்கும் ஆபத்தா?

பதில்: இல்லை. மஞ்சள் லேபிடம் நிறமிச் செல்கள் இருக்கின்றன. உள்காதுக்கு அந்தச் செல்களே போய்ச் சேராத வெள்ளையில்தான் செவிட்டுத்தன்மை வருகிறது. கை தட்டிப் பார்ப்பது ஏமாற்றும். ஒரு காது மட்டும் கேட்காததை, ஒலிக்கு மூளை காட்டும் மின் அலையை அளக்கும் பேயர் (BAER) சோதனைதான் காட்டும்.

கேள்வி: முட்டை கொடுத்தால் மஞ்சள் அடர்த்தியாகுமா?

பதில்: ஆகாது.

கேள்வி: எங்கள் கருப்பு ஜோடிக்கும் மஞ்சள் குட்டி...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.