கேள்வி – பதில்: ஜேர்மனியின் பிடியில் நோர்வே

கேள்வி: ஒஸ்லோவில் படிக்கும் என் பேத்தி, ‘குவிஸ்லிங்’ என்றால் துரோகி என்று பொருள் எனத் தொலைபேசியில் சொன்னாள். இரண்டாம் உலகப் போரில் நடுநிலை நாடான நோர்வேயை ஜேர்மனி ஏன் கைப்பற்றியது? குவிஸ்லிங்கின் அரசை மக்கள் ஏற்றார்களா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: சுவீடனின் இரும்புத்தாதே முதற்காரணம். குளிர்காலத்தில் போத்னியா வளைகுடா உறைந்துவிடுவதால், அத்தாது நோர்வேயின் நார்விக் துறைமுகம் வழியாகவே ஜேர்மனிக்குச் சென்றது. அந்தப் பாதையை அடைப்பதற்காகப் பிரித்தானியா 1940 ஏப்ரல் 8ஆம் திகதி நோர்வேயின் கடலெல்லைக்குள் கண்ணிவெடிகளை இட்டது. முன்னரே திட்டமிட்டுப் புறப்பட்டிருந்த ஜேர்மன் படைகள் மறுநாள் அதிகாலையில் வந்திறங்கின.

அன்று மாலையே, முன்னாள் பாதுகாப்பு அமைச்சரான விட்குன் குவிஸ்லிங் வானொலியில் தம்மைத் தாமே பிரதமராக அறிவித்தார். அவருடைய கட்சி நாடாளுமன்றத்தில் ஓர் ஆசனத்தைக்கூட ஒருபோதும் வென்றதில்லை. அவரைப் பிரதமராக நியமிக்கும்படி ஜேர்மனி வற்புறுத்தியபோது, மன்னர் ஏழாம் ஹாக்கோன், அமைச்சரவை அதற்கு இணங்குமானால் தாம் முடிதுறப்பதாகக் கூறினார், அமைச்சரவையும் இணங்கவில்லை. சில நாட்களில் ஜேர்மனியரே குவிஸ்லிங்கை ஒதுக்கிவிட்டு, யோசஃப் டெர்போவன் என்ற ஜேர்மன் நாசி அதிகாரியிடம் அதிகாரத்தை ஒப்படைத்தனர். 1942 பெப்ரவரியில் குவிஸ்லிங் மீண்டும் அரசுத்தலைவராக அமர்த்தப்பட்டபோதும், டெர்போவனே அவருக்கு மேலிருந்தார்.

மக்கள் ஏற்றார்களா என்பதற்கு ஆசிரியர்களே விடை சொன்னார்கள். எல்லா ஆசிரியர்களும் தமது கட்சியின் புதிய சங்கத்தில் சேர வேண்டும் என்று குவிஸ்லிங் சட்டம் இயற்றியதும், அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் மறுத்துக் கடிதம் எழுதினர். ஓர் இடமாற்றக் கடிதம் ஆசிரியர் குடும்பத்தை எப்படிக் கலங்கடிக்கும் என்பதை அறிந்த நமக்கு அந்தத் துணிவின் கனம் புரியும். ஏறத்தாழ 1,100 பேர் கைதாகினர். அவர்களுள் சுமார் 500 பேர் வடக்கே கிர்கெனெஸுக்கு அனுப்பப்பட்டுக் கடும் உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டனர். ஆயினும் பெரும்பாலோர் பணியவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களை விடுவிக்க வேண்டியதாயிற்று. இந்த வரலாற்றைத் தங்கள் பேத்திக்கு அவசியம் சொல்லுங்கள்.

ஆனால், மறைக்கக் கூடாத மற்றொன்றும் உண்டு. 1942 நவம்பரில் யூதர்களை வீடு வீடாகச் சென்று பிடித்தவர்கள் பெரும்பாலும் நோர்வேப் பொலிஸாரே. பிடிபட்ட 500க்கும் மேற்பட்டோர் நவம்பர் 26ஆம் திகதி ‘டொனாவ்’ என்ற கப்பலில் ஒஸ்லோவிலிருந்து ஏற்றப்பட்டு, ஜேர்மனியரின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மிகச் சிலரே உயிருடன் மீண்டனர். குவிஸ்லிங் மரண தண்டனை விதிக்கப்பட்டு 1945 ஒக்டோபரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தக் கைதுகளில் நோர்வேஜியர்கள் ஆற்றிய பங்குக்காக அந்நாட்டின் பிரதமர் ஒருவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2012 ஜனவரியில்தான்.