அட்டை இருக்கிறது, சர்ஜன் எங்கே?

கேள்வி: அப்பாவுக்கு ஹெர்னியா (குடலிறக்கம்). ஆபரேஷன் தேவை என்று சொல்லிவிட்டார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் பெயர்பெற்ற சர்ஜனின் க்ளினிக்கில் அட்டை செல்லாதாம். அட்டையை ஏற்கும் சர்ஜனை எப்படிக் கண்டுபிடிப்பது?
– எஸ்.வி., விழுப்புரம்

பதில்: சர்ஜனைத் தேடுவதால்தான் கிடைக்கவில்லை. இந்தத் திட்டம் அங்கீகரிப்பது மருத்துவமனையை. தனி மருத்துவரை அல்ல. உள்நோயாளிப் படுக்கை இல்லாத மாலைநேர க்ளினிக்கில் அட்டை எப்போதுமே செல்லாது. ஆனால் அதே சர்ஜன் வாரத்தில் சில நாள் வேறு மருத்துவமனைகளில் ஆபரேஷன் செய்பவராக இருக்கலாம். அவரிடமே நேராகக் கேளுங்கள்: “டாக்டர், காப்பீட்டில் எந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்கிறீர்கள்?” இதைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் பலர் கடன் வாங்குகிறார்கள்.

அவர் எங்கும் செய்வதில்லை என்றால், திட்டத்தின் இணையதளத்தில் மாவட்டவாரியாக மருத்துவமனைப் பட்டியல் இருக்கிறது. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். அட்டை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் கிளம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு மருத்துவமனையும் குறிப்பிட்ட பிரிவுகளுக்கே சேர்க்கப்பட்டிருக்கும். கண் மருத்துவமனையும் அந்தப் பட்டியலில்தான் வரும். அங்கே ஹெர்னியாவுக்கு வழியில்லை.

அடுத்து அந்த மருத்துவமனைக்குப் போன் செய்து, வரவேற்பில் பேசாமல் காப்பீட்டுப் பிரிவுக்கு இணைப்புக் கேளுங்கள். “கார்டு எடுக்கிறோம், வாங்க” என்ற பதில் போதாது. பொது அறுவை சிகிச்சைப் பிரிவு இப்போது திட்டத்தில் இருக்கிறதா? ஹெர்னியாவுக்கு அட்டையில் செய்வது திறந்த முறையா, சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியா? உள்ளே வைக்கும் மெஷ் வலையின் விலை, ஆபரேஷனுக்குத் திட்டம் தரும் தொகைக்குள் அடங்குமா, தனியா? செய்யப்போகும் சர்ஜன் யார், எந்தக் கிழமை வருகிறார்? பெரும்பாலும் தகராறு வருவது மெஷ்ஷில்தான். “கார்டில் வருவது சாதா மெஷ், நல்லதாகப் போட்டால் கூடுதல் பணம்” என்று ஆபரேஷனுக்கு முந்தைய இரவு சொல்வார்கள். அதை முதல் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது.

சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. தனியாரில் ‘இதற்கு அட்டை செல்லாது’ என்றால் அதுவும் காரணமாக இருக்கலாம். அட்டை என்றாலே தனியார் மருத்துவமனைக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அட்டையைக் காட்டுங்கள்; அந்தக் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேரும். ஹெர்னியா அங்கே அன்றாட ஆபரேஷன். காத்திருப்பு ஒன்றுதான் சிரமம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். படுத்தால் உள்ளே போகும் வீக்கம் போகாமல் கல்லாகி, வலியும் வாந்தியும் வந்தால், குடல் சிக்கி ரத்த ஓட்டம் நின்றுபோகலாம். அப்போது பட்டியல் பார்க்காமல் அறுவை வசதியுள்ள பக்கத்து மருத்துவமனையில் உடனே சேருங்கள். அது திட்டத்தில் உள்ள மருத்துவமனை என்றால், அவசரச் சேர்க்கை என்று சொல்லி அப்போதே ஒப்புதல் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பித்தப்பைக் கல்லுக்காக அம்மாவைச் சேர்த்தோம். “அனுமதி வரவில்லை, இப்போது பணம் கட்டுங்கள், பிறகு வாங்கிக்கொள்ளலாம்” என்கிறார்கள். கட்டலாமா?
– ஆர்.கே., தேனி

பதில்: கட்டாதீர்கள். இது ரொக்கமில்லாத் திட்டம். பில்லைக் காட்டிப் பின்னால் பணம் பெறும் முறை இதில் இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவமனை முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

அனுமதி ஏன் நிற்கிறது என்று காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். ‘நிராகரிப்பு’ வேறு, ‘விளக்கம் கேட்டிருக்கிறார்கள்’ என்பது வேறு. பெரும்பாலும் இரண்டாவதுதான். ஆதாரில் ஒரு பெயர், அட்டையில் வேறு எழுத்து. ஸ்கேன் அறிக்கையில் கையெழுத்து இல்லை. மருத்துவரின் குறிப்பில் எழுதிய நோயும் கேட்டிருக்கும் சிகிச்சையும் பொருந்தவில்லை. உரிய தாளைச் சேர்த்து மறுபடி அனுப்பினால் பல வேளைகளில் தீர்ந்துவிடும். அவசர நிலை இல்லாத பித்தப்பைக் கல்லுக்கு இரண்டொரு நாள் பொறுக்கலாமா என்று சர்ஜனைக் கேளுங்கள். காய்ச்சலோ மஞ்சள்காமாலையோ இருந்தால் பொறுக்கக் கூடாது. அனுமதி கிடைத்த பிறகும் பணம் கேட்டால், ரசீது கேளுங்கள், அதே கட்டணமில்லா எண்ணில் புகார் பதியுங்கள். ரசீது என்ற சொல்லுக்கே பாதிக் கோரிக்கைகள் அடங்கிவிடும்.

சேர்வதற்கு முன்பான ஆலோசனைக் கட்டணமும் பரிசோதனைச் செலவும் உங்கள் கையிலிருந்து போகலாம். ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் அரசு மருத்துவமனையில் எடுத்துக்கொண்டால் அந்தச் செலவு குறையும்.

கேள்வி: மருமகளின் பெயர் எங்கள் அட்டையில் இல்லை. அவருக்கு அறுவை சிகிச்சை தேவை.
– டி.எம்., கரூர்

பதில்: முதலில் ரேஷன் அட்டையில் அவர் பெயரைச் சேருங்கள், காப்பீடு அதைத்தான் பின்பற்றுகிறது. பிறந்த வீட்டு அட்டையிலிருந்து பெயர் நீக்காமல் இங்கே ஏறாது. பிறகு ரேஷன் அட்டை, எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். மருமகளும் நேரில் வர வேண்டும், புகைப்படம் அங்கேயே எடுப்பார்கள்.