ஜப்பானுக்கு இன்டர்ன்ஷிப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்டோபரில் ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்காக டோக்கியோ போகிறேன். முட்டைகூடச் சேர்க்காத குடும்பம் எங்களுடையது. ஹோட்டலில் ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் போதும்தானே? – கோவை வாசகர்

போதாது. ஜப்பானில் சைவர்கள் ஏமாறுவது கண்ணுக்குத் தெரியும் மீனால் அல்ல, கரைந்துபோன மீனால்.

அந்த ஊர்ச் சமையலுக்கு ஆதாரம் ‘தாஷி’ என்ற சாறு. கொம்பு என்ற கடற்பாசியைத் தண்ணீரில் ஊறவைத்துச் சூடாக்கி, கொதிக்கும் முன் எடுத்துவிடுவார்கள். பிறகு ‘கட்சுவோபுஷி’யைப் போடுவார்கள். சூரை மீன் வகை ஒன்றைப் புகையூட்டி, மரக்கட்டைபோல் காயவைத்து, மெல்லிய சுருள்களாகச் சீவியது அது. ஓரிரு நிமிடத்தில் வடிகட்டிவிடுவதால் கிண்ணத்தில் ஒரு துண்டு மீன்கூட மிஞ்சாது. மிசோ சூப், உடோன், சோபா நூடுல்ஸ், வெந்த கீரை, பூசணிக்காய்க் கூட்டு, காய்கறி டெம்புராவுக்கு (நம் பஜ்ஜிபோல மாவில் தோய்த்துப் பொரித்தது) தொட்டுக்கொள்ளும் சாறு என்று எல்லாவற்றிலும் பெரும்பாலும் இதுதான். “மீன் இருக்கிறதா?” என்று கேட்டால், பரிமாறுகிறவர் நேர்மையாகவே “இல்லை” என்பார். நமக்கு உப்பைப்போல அவருக்குத் தாஷி. அதைத் தனியாக நினைத்துப் பார்க்கமாட்டார்.

அதனால் பொருளின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்: “கட்சுவோ தாஷி ஹைத்தே இமாசு கா?” (கட்சுவோ தாஷி சேர்ந்திருக்கிறதா?). ‘நிக்கு’ (இறைச்சி) வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மாட்டையும் பன்றியையும் எடுத்துவிட்டு மீனை விட்டுவைப்பார்கள். சில இடங்களில் ஹாம், பேக்கனும் தங்கிவிடும். இறைச்சி, கோழி, மீன், முட்டை, மீன் தாஷி என ஐந்தையும் தனித்தனியாக ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வாங்கிப் பர்ஸில் வையுங்கள். கூட்ட நேரத்தில் நீட்டாதீர்கள். பகல் 12 முதல் 1 வரை சமையற்காரரால் உங்களுக்காக எதையும் மாற்ற முடியாது. ஒன்றரை மணிக்குப் போனால் நின்று பதில் சொல்வார்கள்.

கன்வீனியன்ஸ் ஸ்டோரில் கைகொடுப்பது ஓனிகிரி என்ற சோற்று உருண்டை. ‘உமே’ எனும் ஊறுகாய் வைத்ததும், வெறும் உப்பு போட்டதும் ஓரளவு பத்திரம். ‘கொம்பு’ வைத்ததில் சில சமயம் மீன் சத்து சேர்ந்திருக்கும். பொருள் பட்டியலை மொபைல் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்துவிடுங்கள். ‘கட்சுவோ எகிசு’ (சூரை மீன் சாறு) என்று வந்தால் வாங்காமல் வைத்துவிடுங்கள். நட்டோ என்ற புளித்த சோயாவை வாங்கினால், உள்ளே இருக்கும் சாஸ் பாக்கெட்டில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். அதை ஒதுக்கிவிட்டுச் சோயா சாஸ் ஊற்றிக்கொள்ளலாம். அதிகம் பேர் தடுக்கிவிழுவது சாக்லேட் கட்டிபோல் விற்கும், ஜப்பானிய ‘கறி’ குழம்புக்கான மசாலாக் கட்டிகளில்தான். படத்தில் காய்கறி இருந்தாலும், அதை இறுக வைத்திருப்பது பல கம்பெனிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போதான்.

நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட ‘ஷோஜின் ரியோரி’ என்ற பௌத்த மடத்து உணவு இருக்கிறது. அங்கே தாஷியைக் கொம்பிலும் ஷிதாகே காளானிலும் எடுப்பார்கள், வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். விலை அதிகம், தினமும் கட்டுப்படியாகாது. தினப்பாட்டுக்கு உங்கள் அறைச் சமையல்தான் வழி.

கேள்வி: அறையில் ரைஸ் குக்கர் இருக்கிறது. ஆனால் அந்த ஊர் அரிசி களிபோல ஆகிவிடுகிறதே? – யோகோஹாமாவிலிருந்து ஒரு வாசகி

இரண்டு காரணங்கள். முதலாவது அளவு. குக்கரோடு வரும் கப் ‘ஒரு கோ’, அதாவது 180 மில்லி, அரிசியில் சுமார் 150 கிராம். நம் டம்ளரால் அரிசியை அளந்து, பாத்திரத்தின் உள்கோட்டுக்குத் தண்ணீர் வைத்தால் கணக்கு தவறும். இரண்டாவது, அரிசியின் குணம். ஜப்பான் அரிசியில் அமிலோஸ் என்ற மாவுச்சத்து குறைவு, அதனால் ஒட்டத்தான் செய்யும். சாம்பாருக்கு உதிரியாக வேண்டுமென்றால் குக்கரை மறந்துவிட்டு, நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கழுவிய அரிசியைப் போட்டு 12 நிமிடத்தில் கஞ்சி வடித்துவிடுங்கள். பொன்னி அரிசிபோல வராது, ஆனால் களியாகாது.

அதே ஒட்டும் குணம் தயிர்சாதத்துக்கும் வெண்பொங்கலுக்கும் வரம். 3 கோ குக்கரில் அரிசியும் வறுத்த பாசிப்பருப்பும் சேர்ந்தே அரை கோ வருமாறு அளந்து, கஞ்சிக் கோடு வரை தண்ணீர் ஊற்றி, ‘ஓகாயு’ (கஞ்சி) பொத்தானை அழுத்துங்கள். அளவு கூடினால் கஞ்சி பொங்கி மூடியின் ஆவித் துளையை அடைத்துவிடும். மிளகு, சீரகம், இஞ்சியைத் தனியாக நெய்யில் தாளித்துக் கடைசியில் கொட்டுங்கள்.

தயிர்சாதத்துக்குச் சர்க்கரை சேர்க்காத 400 கிராம் தயிர் டப்பா எல்லாக் கடையிலும் கிடைக்கும். குழம்பில் பனீருக்குப் பதிலாக ‘அட்சுஆகே’ என்ற பொரித்த டோஃபு போடலாம். மேலே வெந்நீர் ஊற்றி எண்ணெயைக் கழுவிவிட்டால் மசாலா உள்ளே இறங்கும்.

இட்லி மாவுக்கு இந்த அரிசி வேண்டாம், பிசுபிசுப்பாக வரும். இட்லி ரவையை இந்தியக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். டோக்கியோவின் ஷின்-ஒகுபோவிலும் நிஷி-கசாயிலும் அப்படிப்பட்ட கடைகள் உண்டு. குளிர்காலத்தில் மாவு புளிக்காது. தெர்மாகோல் பெட்டியில் மாவுப் பாத்திரத்தோடு வெந்நீர் நிரப்பிய பாட்டில் இரண்டை வைத்து மூடி, ஆறியதும் வெந்நீரை மாற்றுங்கள்.

மிஞ்சிய எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். எண்ணெயைக் கட்டியாக்கும் பொடி சூப்பர் மார்க்கெட்டில் விற்கிறது. சூடாக இருக்கும்போதே கலந்து, இறுகியதும் எரிக்கும் குப்பையில் சேர்த்துவிடலாம்.

கேள்வி: மகன் ஒசாகாவில் பயிற்சிக்குச் சேரப்போகிறான். மிக்ஸியும் குக்கரும் கொடுத்தனுப்பலாமா? – திருச்சியிலிருந்து ஒரு தாய்

மிக்ஸி வேண்டாம் அம்மா. அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்ஸியில் ஊறிய உளுந்தைப் போட்டால் பிளேடு சுற்றாமல் முனகும், காயில் சூடேறிப் புகையும். வோல்ட்டேஜைக் கூட்டும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம், ஆனால் மிக்ஸிக்குத் தாங்கக்கூடியது பல கிலோ எடை இருக்கும். சட்னிக்கு அங்கேயே சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். லேப்டாப், மொபைல் சார்ஜர்களில் ‘100–240’ என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. இரண்டு தட்டைக் கம்பி உள்ள பிளக் மாற்றி ஒன்று போதும்.

பிரஷர் குக்கரை அனுப்பலாம். பல அறைகளில் இன்டக்‌ஷன் அடுப்புதான் என்பதால், குக்கரின் அடியில் காந்தம் ஒட்டிப் பாருங்கள். அலுமினியக் குக்கரில் ஒட்டாது, அது அந்த அடுப்பில் சூடாகாது.

மகனிடம் இதையும் சொல்லிவையுங்கள். பொதுவாக ஒரு லைனுக்கு 20 ஆம்பியர்தான், அதாவது 2000 வாட். ஒரே லைனில் 1200 வாட் கெட்டிலையும் 1300 வாட் மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். அறை இருண்டால் பயப்பட வேண்டாம். ஒன்றை அணைத்துவிட்டு, வாசல் பக்கம் மேலே இருக்கும் பெட்டியில் சுவிட்சைத் தூக்கிவிட்டால் போதும்.

கேள்வி: கறிவேப்பிலை, பருப்பு, மாத்திரை எல்லாம் பெட்டியில் எடுத்துப்போகலாமா? – மதுரை வாசகி

கறிவேப்பிலையை வைக்காதீர்கள். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் பச்சையாதல் நோயைப் பரப்பும் பூச்சிக்குக் கறிவேப்பிலைச் செடி மிகப் பிடித்த இடம். பயிர்ச் சுகாதாரச் சான்று இல்லாத செடி, இலை, பழம் எதுவானாலும் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். அரிசிக்கும் முழுப் பருப்புக்கும் இதே சிக்கல்தான், அவற்றை அங்கேயே வாங்குங்கள். அரைத்த சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். இறைச்சி எந்த வடிவிலும் கூடாது, கோழி ஊறுகாயும் அதில் அடக்கம்.

மருந்தில் கவனம் தேவை. டாக்டர் சீட்டில் வாங்கியது ஒரு மாதத்துக்கும், சீட்டு இல்லாமல் வாங்கியது இரண்டு மாதத்துக்கும்தான் அனுமதி. அதற்கு மேல் வேண்டுமென்றால் ‘யுன்யு ககுனின்-ஷோ’ என்ற சான்றைக் கிளம்பும் முன்பே ஆன்லைனில் வாங்க வேண்டும். சளி மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வையுங்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள் வீடு அமைந்த 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் அன்றே சேர்ந்துவிடுங்கள். வைத்தியச் செலவில் 30 சதவீதம்தான் உங்கள் பங்கு.

கேள்வி: ஆபீஸில் ‘நோமிகாய்’ என்று விருந்து வைப்பார்களாமே, நான் குடிப்பதில்லை. போகாமல் இருக்கலாமா? – சென்னை வாசகர்

முதல் விருந்துக்காவது போய்விடுங்கள். பெரும்பாலும் உங்களை வரவேற்கத்தான் அதை வைக்கிறார்கள். மூன்று நாள் முன்பே, ஏற்பாடு செய்பவரான ‘கன்ஜி’யிடம் எதெது சாப்பிடமாட்டீர்கள் என்று எழுதிக்கொடுங்கள். பெரும்பாலும் எல்லோருக்கும் சேர்த்து முன்கூட்டியே ஒரே மெனு சொல்லிவிடுவார்கள், அங்கே போய்ச் சொன்னால் எடமாமே என்ற வேகவைத்த பச்சைச் சோயாவும் சாலடும்தான் மிஞ்சும். ஊலாங் டீ வாங்கி முதல் ‘கம்பாய்’ (சியர்ஸ்) வரை காத்திருந்து, எல்லோரோடும் கோப்பையை உயர்த்தினால் போதும். யாரும் வற்புறுத்தினால் “நோமேமசென்” (என்னால் குடிக்க முடியாது) என்று சிரித்தபடி சொல்லுங்கள்.

குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தாதீர்கள், இறந்தவருக்குப் படைக்கும் முறை அது. குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்பை எடுப்பது அப்படித்தான்.

உட்கார்ந்ததும் கேட்காமலே வரும் சின்னக் கிண்ணம் ‘ஓதோஷி’. இலவசம் அல்ல, 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும், அதில் மீனோ மீன் தாஷியோ சேர்ந்திருக்கலாம். அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிடலாம். பில்லைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பதே வழக்கம், அதனால் சில்லறையாக ஐயாயிரம் யென் கையில் வைத்திருங்கள்.