மூன்று புத்தகங்கள்தான் கிடைத்தன என்றால்

'1918-இல் பரவிய இன்ஃப்ளூயன்சா பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். நூலகக் கேட்டலாகில் மூன்று புத்தகங்கள்தான் வருகின்றன. வரலாற்று அலமாரியிலும் ஒன்றும் இல்லை. வேறு எங்கே தேடுவது?' என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறார்.

மூன்று கிடைத்திருக்கிறதே, அதுவே நல்ல தொடக்கம்தான். அவற்றில் ஒன்றின் கேட்டலாக் பதிவை முழுதாகத் திறந்து பாருங்கள். தலைப்பு, ஆசிரியருக்குக் கீழே 'பொருள் தலைப்பு' என்று ஒரு வரி இருக்கும். ஆங்கிலக் கேட்டலாக் என்றால் அங்கே பெரும்பாலும் 'இன்ஃப்ளூயன்சா எபிடெமிக், 1918-1919' என்று இருக்கும். நீங்கள் 'பேன்டமிக்' என்று தேடியிருப்பீர்கள். நூலகர் 'எபிடெமிக்' என்று பதிந்திருக்கிறார். அந்த வரியைச் சொடுக்கினால், தலைப்பில் அந்தச் சொல்லே இல்லாத புத்தகங்களும் வந்து நிற்கும்.

வரலாற்று அலமாரி காலியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி வகைப்பாட்டில் வரலாறு 900-களில் வரும். ஆனால் இந்தக் காய்ச்சல் பற்றிய நூல்களை 614.5 பக்கம், பொது சுகாதாரத்தோடு வைத்திருப்பார்கள். அங்கே போய் ஒரு கை நீளத்துக்கு இடமும் வலமும் பாருங்கள்.

அப்புறம் கையில் கிடைத்த புத்தகங்களின் அடிக்குறிப்புகள். என்னைக் கேட்டால், எந்தத் தேடுபொறியையும்விட இவை மேல். அந்த நூலாசிரியர் பல வருடங்கள் அலைந்து கண்டுபிடித்தது எல்லாம் அங்கேதான் கிடக்கிறது. அப்படித் தெரியவரும் நூல் உங்கள் நூலகத்தில் இல்லையென்றால், எங்கே இருக்கிறது என்பதை, பல நாட்டு நூலகங்களின் கேட்டலாக்குகளைச் சேர்த்துத் தேடும் வேர்ல்ட்கேட் தளத்தில் பார்த்துவிட்டு, நூலகங்களுக்கிடையே இரவல் பெறும் வசதி உண்டா என்று கேளுங்கள். பழைய நூல் என்றால் முதலில் ஹாதிட்ரஸ்ட், இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இரண்டு இணைய நூலகங்களிலும் பார்த்துவிடுவது நல்லது.

பழைய செய்தித்தாள்களில் தேடும்போது அந்தக் காலத்துச் சொல்லைப் போடுங்கள். 'முதல் உலகப் போர்' என்று 1916-இல் யாரும் எழுதவில்லை. 'பெரும் போர்', 'ஐரோப்பியப் போர்' என்றுதான் எழுதினார்கள். காய்ச்சலுக்கும் அப்படித்தான்: 'ஸ்பானிஷ் இன்ஃப்ளூயன்சா', 'கிரிப்' என்றெல்லாம் தேட வேண்டும். பக்கத்தின் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் (ஓசிஆர்), மங்கிய அச்சைத் தப்பாகப் படித்திருக்கும். ஒரு சொல் அகப்படவில்லை என்பதால் செய்தியே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தேதி தெரிந்தால் அந்த வாரத்துப் பக்கங்களைக் கண்ணாலேயே புரட்டிவிடுங்கள்.

ஆவணக் காப்பகம் வேறு மாதிரி. அங்கே கோப்புகள் பொருள்வாரியாக இருக்காது. உருவாக்கிய அலுவலகத்தின் பெயரில் இருக்கும். 'காய்ச்சல் பற்றி என்ன இருக்கிறது?' என்று கேட்டால் பதில் வருவது கஷ்டம். அந்தச் சமயத்தில் இதைப் பற்றி எழுதவேண்டிய கட்டாயம் யாருக்கு இருந்தது என்று யோசியுங்கள். சுகாதாரத் துறை, ராணுவம் சரி, பள்ளியை மூடச் சொன்ன உள்ளாட்சியும் எழுதியிருக்கும். ஆள் பற்றாக்குறையில் தவித்த ரயில் நிர்வாகமும் எழுதியிருக்கலாம்.

ஒரு பக்கத்தைப் படம் எடுக்கும் முன், பெட்டி எண்ணும் கோப்பு எண்ணும் எழுதிய துண்டுச்சீட்டை ஓரத்தில் வைத்து எடுங்கள். நான் அப்படிச் செய்யாமல், அருமையான ஒரு கடிதத்தை மேற்கோள் காட்ட முடியாமல் விட்டிருக்கிறேன்.